சரக்கு வெளியேறிய கரைகள்: போட் கீயிலிருந்து துவாஸ் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

2027-க்குள் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி ஆகிய மூன்று நகர முனையங்களின் கொள்கலன் வேலையும் தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸுக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். காலியாகும் நிலத்தில் என்ன வரும் என்று யாரைக் கேட்டாலும் வீடுகள், கடலோர நடைபாதை, பூங்கா என்று பட்டியல் வரும். இந்த நிலமும் அடங்கிய திட்டப் பகுதி பாசிர் பாஞ்சாங்கிலிருந்து மரினா ஈஸ்ட் வரை 30 கிலோமீட்டர் கடற்கரை, சுமார் 2,000 ஹெக்டர், மரினா பே வட்டாரத்தைப்போல் ஆறு மடங்கு. 2019 தேசிய தினக் கூட்ட உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் இதைப் பற்றி விரிவாகப் பேசியதிலிருந்து கற்பனைக்குப் பஞ்சமில்லை.

எனக்குள்ள கேள்வி வேறு. அந்தக் கரையில் படகு நிற்குமா? நின்றால், இறங்குகிறவர் எந்த வழியாக எங்கே போவார்? சாமான் இறங்கினால் லாரி எங்கே நிற்கும்? சிங்கப்பூர் தன் நீர்முகத்திலிருந்து சரக்கை இதற்கு முன்பும் வெளியேற்றியிருக்கிறது. ஆட்கள் ஏறி இறங்கும் துறையையும் இடம் மாற்றியிருக்கிறது. அந்த அனுபவங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. ஒரு துறை ஓடுமா முடங்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது தரைப்பக்கத்தின் முதல் சில நூறு மீட்டர். கட்டடம் எவ்வளவு அழகு, படகு எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

வாசலிலேயே கிட்டங்கி

1822-இல் ஆற்றின் தென்கரைச் சதுப்பை மண்போட்டு மேடாக்கியதில் உருவானது போட் கீ. மண் வந்தது பக்கத்திலிருந்த ஒரு சிறு குன்றிலிருந்து. குன்று கரைந்த இடம் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். ஒரே வேலையில் சரக்கிறங்கும் கரையும் வணிகச் சதுக்கமும் கிடைத்துவிட்டன. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். தொங்காங், துவாகோ எனும் சரக்குப் படகுகள் மூட்டைகளை ஆற்றுக்குள் கொண்டுவரும். தொடக்க காலத்தில் இந்தப் படகுத் தொழிலில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் முன்னணியில் இருந்தார்கள். பிறகு அது ஹொக்கியன், தியோச்சூ சீனர்கள் கைக்கு மாறியது. 1860-களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு இந்தக் கரையில்தான் நடந்தது.

ஏன் இங்கே? கடைவீட்டின் கீழ்த்தளம் கிட்டங்கி, மேலே அலுவலகமும் குடியிருப்பும். படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை. மூட்டை சுமப்பவர் ஒவ்வொரு நடைக்கும் ஒரு குச்சி வாங்கிக்கொள்வார், முடிவில் குச்சிகளை எண்ணிக் கூலி. கொஞ்சம் நடந்தால் மார்க்கெட் ஸ்திரீட். அங்கே செட்டியார்கள் பெட்டியடியில் உட்கார்ந்து வணிகத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சரக்கு, அதை வாங்க வரும் ஆள், வாங்கத் தேவையான பணம் மூன்றும் நடைதூரத்தில் இருந்தன. இப்போது 'ஒருங்கிணைந்த மையம்' என்று விளம்பரப் பலகையில் போட்டுப் பெருமைப்படுவது இதைத்தான். அன்று அதற்குத் தனியாக ஒரு பெயர் தேவைப்படவில்லை.

ஆனால் ஆற்றின் வாயிலேயே ஒரு தொல்லை முளைத்தது. 1869-இல் கட்டப்பட்ட கேவனா பாலம் தரையில் போகிறவர்களுக்காகப் போடப்பட்டது. கடல் ஏற்றத்தின்போது சரக்குப் படகுகளால் அதன் கீழே நுழைய முடியாது, தண்ணீர் வற்றும்வரை காத்திருக்க வேண்டும். போக்குவரத்து பெருகியதும் அந்தப் பாலத்தால் தரைப்பக்கத்தையும் தாங்க முடியவில்லை. 1910-இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்தது, கேவனா நடைபாலமானது. மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு (சுமார் 150 கிலோ) மேற்பட்ட வண்டிகளுக்கும் மாடு குதிரைகளுக்கும் அனுமதியில்லை என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்றும் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைப் படமெடுக்கிறார்கள். எனக்கு அது நீர்வழியும் தரைவழியும் குறுக்கிடும் இடத்தில் உயரக் கணக்கு தவறியதன் சான்றாகத் தெரிகிறது. இதே கணக்கு 114 ஆண்டு கழித்து மறுபடி தவறியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அதே 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின, அவற்றுக்கு ஆழமான தண்ணீர் வேண்டும். அது தஞ்சோங் பகாரில் இருந்தது. 1864-இல் தொடங்கிய டாக் கம்பெனியை 1905-இல் அரசு எடுத்துக்கொண்டது, 1913-இல் துறைமுகச் சபை, 1964-இல் துறைமுக ஆணையம். நம்மவர்களுக்கு இந்த வரலாறு குடும்பக் கதையும்கூட. கப்பலில் மூட்டையிறக்கியவர்களில் தமிழர்கள் பெரும் பங்கு. கடையநல்லூர்க் குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்திலேயே குடியமர்ந்தன. 1946-இல் அவர்கள் முயற்சியில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கியது. கியோங் சைக் ரோட்டில் லயன் சித்தி விநாயகர் கோயில் 1925-இலிருந்து இருக்கிறது. 1932-இல் ரயில் நிலையத்தையும் துறைமுகத்தை ஒட்டியே கட்டினார்கள், மலாயாவிலிருந்து வரும் சரக்கு கப்பலுக்குப் போக வசதியாக. வேலையிடம், வீடு, வழிபாடு, பள்ளிக்கூடம், ரயில் எல்லாம் துறைமுகக் கேட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். இதை இனிமையான காலமாகக் காட்ட நான் விரும்பவில்லை. வேலை கடுமை, வாழ்ந்த இடம் நெருக்கடி. வடிவமைப்பு நோக்கில் மட்டும் பார்த்தால், துறைமுகமும் ஊரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன என்பதே கவனிக்க வேண்டியது.

1972 ஜூன் 23 அன்று முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தது. அத்தோடு மூட்டைத் தூக்கும் வேலைக்கும் ஆற்றுப் படகுக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. 1977 பிப்ரவரியில் லீ குவான் யூ பத்தாண்டில் ஆறுகள் சுத்தமாக வேண்டும் என்றார். 1983-இல் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன, 1987-இல் துப்புரவு முடிந்தது. கிட்டங்கிகள் இன்று சாப்பாட்டுக் கடைகள்.

ஆறு சுத்தமானதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அது போக்குவரத்து வழியாக இருந்தது அப்போதோடு முடிந்துவிட்டது. சுமார் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள, வளைந்து வளைந்து போகிற ஆற்றில் வேலைக்குப் போகிறவர்களுக்காகப் படகு டாக்சி விட்டுப் பார்த்தார்கள். கரையோரமாகவே எம்ஆர்டி ரயில் நிலையங்கள் இருக்கும்போது எத்தனை பேர் படகுக்கு வருவார்கள்? இன்று ஆற்றுப் படகில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்த விருந்தினர்கள்.

கிளிஃபர்ட் பியரும் அதன் வாரிசும்

சரக்கைவிட ஆட்களின் கதையில் பாடம் அதிகம்.

1933-இல் திறந்த கிளிஃபர்ட் பியர் நடுவில் தூணே இல்லாத ஒரு நீண்ட கூடம், மேலே கான்கிரீட் வளைவுகள். கட்டடம் அழகு, சந்தேகமில்லை. ஆனால் அது எழுபதாண்டுக்கு மேல் உயிரோடு இருந்ததற்கு எதிர்ச்சாரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படியேறினால் காலியர் கீ, சாலையைக் கடந்தால் சேஞ்ச் ஆலி, அதன் மறுமுனையில் ராஃபிள்ஸ் பிளேஸ். வெளித்துறையில் நிற்கும் கப்பலிலிருந்து வரும் மாலுமி கையில் வெளிநாட்டு நோட்டு. அதை மாற்றித் தரத் தமிழ் முஸ்லிம் நாணயமாற்றுக்காரர்கள் அந்தச் சந்திலேயே நின்றிருந்தார்கள். மாற்றிய சிங்கப்பூர் வெள்ளியைச் செலவழிக்கச் சட்டை, கடிகாரம், பை என்று இரு பக்கமும் கடை. வங்கி வேலை இருந்தால் இன்னும் நாலு எட்டு. 1970-களில் சாலைக்கு மேலே பாலமும் வந்தது, மழையில் நனையாமல் போகலாம். படகிலிருந்து இறங்கியவர் எதையும் தேட வேண்டியதில்லை, நடந்தாலே எல்லாம் எதிர்ப்படும்.

குறைகளும் இருந்தன. படகுக்கும் படிக்கும் நடுவே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரிய ஓத நாட்களில் கிட்டத்தட்ட 3 மீட்டர். வற்றத்தில் வழுக்குப் படி, ஆடும் படகு, சேலை கட்டிய பாட்டி, கைக்குழந்தை. படகுக்காரர் நீட்டும் கைதான் கைப்பிடி. கூசு தீவு யாத்திரை மாதத்தில் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தத் துறையை மூடியது படகுத் தொழிலின் சரிவு அல்ல, குடிதண்ணீர். மரினா அணைக்கட்டு 350 மீட்டர் அகலத்துக்கு விரிகுடாவின் வாயை அடைத்து அதை நீர்த்தேக்கமாக்கியது. தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் விழும் மழை அதில் சேர்கிறது. அணைக்கட்டு 2008-இல் திறந்தது. கடலிலிருந்து படகு உள்ளே வர முடியாமல் போகப்போவதால் 2006 ஏப்ரல் 1 அன்றே கிளிஃபர்ட் பியர் மூடப்பட்டு, சேவைகள் மரினா சவுத் பியருக்கு மாறின. மழையைச் சேமிக்கும் முடிவு ஒரு படகுத்துறையின் முகவரியை மாற்றியது. நீர்முகத்தில் திட்டமிடுகிறவர்கள் போக்குவரத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

புதிய துறையில் தண்ணீர்ப்பக்கம் மிக நன்றாக இருந்தது. மிதவைத் தளம் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும், படி வழுக்கும் பயம் இல்லை. காத்திருக்கக் கூடம், கூரை, இருக்கை. தரைப்பக்கம்? கடலை மேடாக்கிய வெற்று நிலத்தின் கடைக்கோடி. மரினா பே நிலையத்திலிருந்து 402 பேருந்து. எதிரே கடை இல்லை, சந்து இல்லை, நிழல்கூட அதிகமில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போகும் குடும்பம், வேலை முடிந்து இறங்கும் கப்பல் ஊழியர், கூசுவுக்குப் போகும் முதியவர் எல்லாரும் வெயிலில் பேருந்துக்கு நின்றார்கள். மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையம் திறந்தது 2014 நவம்பர் 23 அன்று. இடையில் எட்டு ஆண்டுக்கு மேல். அந்த எட்டாண்டில் துறையின் சிமெண்டோ மிதவையோ மாறவில்லை, ஆனால் ரயில் வந்த பிறகு அது வேறு இடம்.

பக்கத்திலேயே 2012-இல் மரினா பே சொகுசுக் கப்பல் நிலையம் வந்தது, செலவு சுமார் 50 கோடி வெள்ளி. திறந்தபோது ஒரே சமயத்தில் 6,800 பயணிகளைக் கையாளும் அளவு. படகுத்துறைக்கும் ரயில் நிலையத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கே தெரியும். ரயில் சில நிமிடத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் பேரைக் கொண்டுவரும். கப்பல் காலையில் ஒரே அடியாக ஊரைக் கொட்டும், அதுவும் ஆளுக்கொரு பெட்டியோடு. 6,800 பேரில் பாதிப் பேர் டாக்சி பிடித்து, காருக்கு மூவர் ஏறினாலும் 1,100-க்கு மேற்பட்ட கார்கள் வேண்டும். சராசரியைக் கொண்டு வரிசைப் பாதையை வரைந்தால் கப்பல் வரும் நாளில் அது போதாது, உச்சத்தைக் கொண்டு வரைந்தால் மற்ற நாட்களில் வெறிச்சோடிக் கிடக்கும். ரயில் நிலையம் எட்டும் தூரம்தான், ஆனால் இரண்டு பெட்டியும் ஒரு தாத்தாவும் இருந்தால் அந்தத் தூரம் எட்டாது.

ஓடுகிற இரண்டு துறைகள்

ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையில் கட்டடத்தின் அழகைப் பற்றி யாரும் கவிதை எழுத மாட்டார்கள். ஆனால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகிறவர் எம்ஆர்டியிலிருந்து ஏறி, கூரைக்குக் கீழேயே நடந்து, பயணச்சீட்டு வாங்கி, குடிநுழைவைக் கடந்து படகில் உட்காரலாம். 2003-இல் வடகிழக்கு ரயில் பாதை, 2006-இல் விவோசிட்டி கடைத்தொகுதி, 2011-இல் வட்டப்பாதை. பேருந்து நிலையமும் அங்கேயே. துறை, ரயில், கடை, பேருந்து நான்கும் வெவ்வேறு வருடங்களில் வந்தவை, ஆனாலும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. அந்தப் பிணைப்புதான் கூட்டத்துக்குக் காரணம்.

மேலே சொன்ன உயரக் கணக்கு தவறியதும் இங்கேதான். 1983 ஜனவரி 29 அன்று எண்ணெய் துளையிடும் கப்பல் ஒன்று கெப்பல் துறையிலிருந்து நகர்த்தப்பட்டபோது அதன் கோபுரம் செந்தோசா கேபிள் கார் கம்பியில் சிக்கியது. இரண்டு கேபிள் கார்கள் கடலில் விழுந்தன, 7 பேர் இறந்தார்கள். தொழில் கப்பல் போகும் வழிக்கு மேலே உல்லாசப் பயணிகளின் வழி. வரைபடத்தில் இரண்டும் வெவ்வேறு நிறக் கோடுகள், நிஜத்தில் ஒரே வெளி. சரக்கையும் சனத்தையும் பிரித்து வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இந்த விபத்து வலுச் சேர்க்கும் என்பதை நான் மறுக்கவில்லை.

இரண்டாவது, சாங்கி பாயிண்ட். புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகில் 12 பேர் சேர்ந்ததும் புறப்படும். அட்டவணை கிடையாது. அவசரமென்றால் 12 பேர் காசையும் ஒருவரே கொடுத்து ஏறலாம். சைக்கிளும் ஏறும், சாமான் மூட்டையும் ஏறும், நாமும் ஏறுவோம். பெரிய நிலையத்தில் இப்படிக் கலந்தால் குழப்பம், இங்கே குழப்பமில்லை, ஏனென்றால் அளவு சிறியது, வேகம் மெதுவானது. கரையேறினால் உணவங்காடி நிலையம், பேருந்து நிலையம். 12 பேர் சேரும்வரை ஒரு தே தாரிக் குடிக்கலாம். காத்திருப்பதை ஒரு வேலையாக்கிவிட்டார்கள், அதனால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்த நிலையங்களில் இந்த ஏற்பாடு இல்லை.

துவாஸ்

எண்களைப் பார்த்தால் மலைப்பு வரும். 2022 செப்டம்பர் 1 அன்று அதிகாரபூர்வமாகத் திறந்த துவாஸ் துறைமுகம் 2040-களில் முடியும்போது ஆண்டுக்கு 6.5 கோடி கொள்கலன்களைக் (20 அடிப் பெட்டிக் கணக்கில்) கையாளும். 2024-இல் சிங்கப்பூர் முழுவதும் கையாண்டது 4.112 கோடி. முதல் கட்டத்தின் கரைச்சுவருக்கு 28 மீட்டர் உயரமும் 15,000 டன் எடையும் கொண்ட 221 கான்கிரீட் பெட்டகங்களைக் கடலில் இறக்கினார்கள். முற்றத்தில் ஓட்டுநரில்லா வண்டிகள் ஓடுகின்றன.

இவ்வளவு பெரிய துறைமுகத்தை ஊரின் கடைக்கோடிக்குத் தள்ள முடிந்ததற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூருக்கு வரும் கொள்கலன்களில் பெரும்பாலானவை ஊருக்குள் வருவதே இல்லை, ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடும். நான்கைந்து முனையங்கள் இருந்தபோது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலையில் இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஒரே இடமானால் அந்த லாரி ஓட்டம் குறையும். சென்னையிலோ மும்பையிலோ இதை அப்படியே செய்ய முடியாது, அங்கே சரக்கு உள்நாட்டுக்குப் போக வேண்டும். வெளிநாட்டுத் திட்டக்காரர்கள் துவாஸைப் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரில் போட நினைக்கும்போது இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

தரைப்பக்கக் கேள்வி இங்கேயும் தப்பவில்லை. கிழக்கு-மேற்குப் பாதையின் கடைசி நிலையம் துவாஸ் லிங்க், துறைமுகம் அதற்கும் அப்பால். தாத்தா காலத்தில் கேட்டிலிருந்து நடந்து வீட்டுக்குப் போன வேலைக்கு இப்போது ரயிலும் பேருந்தும் சேர்ந்து வேண்டும். சரக்கை மட்டும் வெளியேற்றினோம் என்று நினைத்தால் கூடவே வேலைக்காரரையும் வெளியேற்றியிருக்கிறோம்.

தஞ்சோங் பகாரில் ஒரு மூலை

பெரிய கொள்கலன் போகட்டும். ஆனால் துறைமுகம் என்றால் பெட்டி மட்டும் இல்லை. வெளியே நிற்கும் கப்பலுக்குக் காய்கறி, அரிசி, உதிரிப்பாகம் போக வேண்டும். கப்பல் ஊழியர் இறங்கி ஏற வேண்டும். தீவுகளுக்கு ஆளும் சாமானும் போக வேண்டும். இதற்கெல்லாம் ஓடும் துறைமுகப் படகுகள் சுமார் 1,600. 2030-இலிருந்து புதிதாக வரும் துறைமுகப் படகுகள் மின்சாரத்திலோ, முழு உயிரி எரிபொருளிலோ, கரிம உமிழ்வில்லா எரிபொருளிலோ ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் சொல்லிவிட்டது. புக்கோம் தீவு ஆலை ஊழியர்களுக்காக 200 பேர் ஏறும் மின்படகு 2023-இலேயே வந்துவிட்டது. மின்படகுக்குச் சார்ஜ் செய்யக் கரை வேண்டும், கரையில் துணைமின்நிலையம் வேண்டும், படகு நிற்க நேரமும் இடமும் வேண்டும். கரை முழுவதையும் நடைபாதையாக்கிவிட்டால் இதை எங்கே வைப்பது?

தஞ்சோங் பகாரில் ஒரு மூலையை, இரண்டு படகு நிற்கும் நீளத்தையாவது, வேலைத் துறையாகவே விட்டுவைக்கலாம். நேரத்தைப் பிரித்துக்கொண்டால் போதும். விடிகாலையில் சாமான் லாரி, காலை எட்டு மணிக்குமேல் ஆட்கள், இரவில் சார்ஜ். வட்டப்பாதையின் ஆறாம் கட்டத்தில் கெப்பல், கன்டோன்மென்ட், பிரின்ஸ் எட்வர்ட் ரோடு நிலையங்கள் வருகின்றன. கன்டோன்மென்ட் பழைய ரயில் நிலையத்துக்கு அடியிலேயே அமைகிறது. மரினா சவுத்தில் ரயிலுக்கு எட்டாண்டு காத்திருந்தார்கள். இங்கே ரயில் முந்திக்கொள்கிறது, துறைதான் பிந்தி வரும். நிலையத்திலிருந்து தண்ணீர்வரை கூரையிட்ட நேர்வழி ஒன்றை இப்போதே ஒதுக்கினால் செலவு கோடு போடுவதோடு சரி. நடுவில் கட்டடங்கள் எழுந்தபின் அதே வழிக்குச் சுரங்கம் தோண்ட வேண்டிவரும். ஏஒய்இ விரைவுச்சாலையின் உயர்த்திய பகுதியும் கெப்பல் ரோடும் குறுக்கே கிடப்பதால் இது சின்ன விஷயமும் இல்லை.

இன்னொரு கணக்கு. கொள்கலன் கப்பலுக்குக் கட்டிய கரை சிறு படகுக்கு மிக உயரம், மிதவைத் தளமும் சாய்பாலமும் இல்லாமல் ஆகாது. 3 மீட்டர் ஓத வித்தியாசம், சக்கர நாற்காலிக்கு ஏற்ற ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு என்று வைத்தால் சாய்பாலம் மட்டுமே 36 மீட்டர். இடையில் நின்று மூச்சு வாங்கத் தளங்களைச் சேர்த்தால் 40-ஐத் தாண்டும். மிதவையும் படகும் திரும்பும் இடமும் அதற்கு மேலே. இந்த நீளத்தை யாராவது வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்களா என்பதைக் கரையோர மனைகள் ஏலத்துக்கு வருமுன் கேட்டுவிட வேண்டும்.